சுடுகாட்டுப் பூவும் குழந்தைகள் உயிரும்

நம் நாட்டில் ஒரு செடியின் மருத்துவ குணத்தைப் பற்றி யாராவது வாயெடுத்தால் போதும், உடனே இரண்டு கூட்டத்தார் முன்வந்து நின்றுகொள்ளுவார்கள். ஒரு கூட்டத்தார், “அந்தக் குணம் பகவான் வைத்தது, அதை மனிதன் தொட்டியிலும் கொப்பரையிலும் செய்யப் புகுவது சிருஷ்டிக்கு விரோதம்” என்பார்கள். மற்றொரு கூட்டத்தார், “இதெல்லாம் எங்கள் முன்னோர்கள் ஞானதிருஷ்டியால் அன்றைக்கே கண்டு ஏட்டில் எழுதி வைத்துவிட்டது, புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது” என்பார்கள். பார்வைக்கு இவ்விரண்டு கூட்டத்தாரும் வேறு வேறாகத் தோன்றினாலும், இவர்கள் செய்கிற காரியம் ஒன்றேதான். முதல் கூட்டம் தேடாதே என்கிறது. இரண்டாவது கூட்டம் தேட வேண்டியதில்லை என்கிறது. இரண்டின் பலனும் மனிதன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான்.

இப்பொழுது உலகத்தில் நடந்து வருகிற ஒரு முயற்சியைப் பற்றி நம் தோழர்களுக்குச் சொல்லவேண்டியே இதை எழுதுகிறோம். அதாவது, செடி கொடிகளும் மரங்களும் தங்கள் உடம்பில் வெகு சொற்பமாக உண்டாக்குகிற மருந்துச் சரக்குகளை, காட்டை அழிக்காமலும் மரத்தை உரிக்காமலும், நுண்ணுயிர்களைக் கொண்டோ செடியின் உயிரணுக்களைக் கொண்டோ கொப்பரையில் உண்டாக்குவது என்கிற முயற்சி. இது பெரிய படிப்பாளிகளின் விஷயம், நமக்கென்ன என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நம் வீட்டுக் குழந்தைக்கு நோய் வந்தால் மருந்து கிடைக்குமா, என்ன விலைக்குக் கிடைக்கும், அந்த விலையை யார் வைப்பது என்கிற விஷயமே இது.

உதாரணத்துக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. நித்தியகல்யாணி என்கிற செடியை அறியாத தமிழன் இருக்க மாட்டான். அதே செடிக்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் வைத்திருக்கிறோம். ஒரு வீட்டில் பறித்துச் சாமி படத்துக்குப் போடுவார்கள். அடுத்த வீட்டில் சுடுகாட்டில் முளைப்பது, வாசலில் இருந்தால் ஆகாது என்று பிடுங்கி எறிவார்கள். ஒரே பூ மங்களமாகவும் அமங்களமாகவும் இருக்கிற விந்தை நம் நாட்டில்தான் நடக்கும். ஆனால், பூஜை செய்தவனும் பிடுங்கி எறிந்தவனும், அதற்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தவர்களல்லர்.

பார்த்தவர்கள் எங்கோ இருந்தார்கள். இச்செடியின் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. ஜமைக்கா தீவில் இதன் இலையைக் காய்ச்சி நீரிழிவுக்குக் குடிக்கிற வழக்கம் இருந்தது. அந்த இலை கொஞ்சம் 1952-ஆம் வருஷத்தில் கானடா தேசத்திலுள்ள மேற்கு ஒண்டாரியோ சர்வகலாசாலையில் இராபர்ட் நோபிள் என்கிற ஆராய்ச்சிக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் ஏற்றிய எலிகளோ நோய்க்கிருமி தொற்றிச் செத்தன. ஏன் செத்தன என்று பார்த்தபோது வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்து போயிருந்தன. நம் ஊராயிருந்தால், “சர்க்கரையும் குறையவில்லை, எலியும் செத்தது, தெய்வ குற்றம்” என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களோ, வெள்ளை அணு அளவுக்குமேல் பெருகுகிற நோய்க்கு இதுவே மருந்தாகக் கூடாதா என்று எண்ணினார்கள். நோபிளும் சார்லஸ் பீர் என்பவரும் சேர்ந்து 1958-இல் வின்பிளாஸ்டின் என்கிற சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்னும் மற்றொன்றும் கிடைத்து, 1963-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

இதன் பலன் என்ன? 1950-களில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை என்றால் சில மாதத்தில் சாவு நிச்சயம். இன்று வசதியுள்ள நாடுகளில், வின்கிரிஸ்டினோடு வேறு சில மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து, குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகை இரத்தப் புற்றுநோயில் நூற்றுக்கு 90 குழந்தைகள் வரையில் பிழைக்கச் செய்கிறார்கள். எந்தக் கோயிலில் எந்த நேர்த்திக் கடன் இந்தக் கணக்கைக் காட்டியிருக்கிறது என்று கேட்கிறோம்.

நிற்க, இதில் ஒரு பெரிய கஷ்டம் இருக்கிறது. செடி இந்தச் சரக்கை உண்டாக்குவது நமக்காகவல்ல. தன்னைத் தின்ன வரும் பூச்சி புழுக்களிடமிருந்து தப்புவதற்காகவே விஷமாக உண்டாக்குகிறது. ஆகையால் தனக்கு வேண்டிய அளவுக்குமேல் செய்துவைப்பதில்லை. ஒரே ஒரு கிராம் வின்பிளாஸ்டின் வேண்டுமானால் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டியிருக்கிறது. வின்கிரிஸ்டின் அதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. “மனிதனுக்காகவே கடவுள் மூலிகையைப் படைத்தார்” என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் சொல்லுவார்கள்? குழந்தைக்கு மருந்து கொடுக்கவேண்டும் என்கிற எண்ணம் இருந்திருந்தால், 500 கிலோ தழைக்குள் ஒரு கிராமை ஒளித்துவைப்பானேன்?

அப்படியே அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் யூ என்கிற மரம் ஒன்று இருக்கிறது. 1962-இல் அதன் பட்டையை ஆராய்ச்சிக்காக எடுத்தார்கள். மன்ரோ வால் என்பவரும், நம் நாட்டின் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வாணி என்பவரும் அதிலிருந்து டாக்சால் என்னும் மருந்தைப் பிரித்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு அது 1992-இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் மரமோ வெகு மெதுவாக வளருவது. பட்டையை உரித்தால் மரம் செத்துப் போகும். ஒரு நோயாளிக்கே பல மரங்கள் வேண்டும். மருந்து வேண்டுமானால் காடு போகும், காடு வேண்டுமானால் நோயாளி போவாள் என்கிற நிலைமை ஏற்பட்டது. இங்கே பகுத்தறிவு என்ன செய்தது தெரியுமா? முதலில் பட்டையை விட்டு, வெட்ட வெட்டத் தழைக்கிற இலையிலிருந்து பாதிச் சரக்கை எடுத்து மீதியை இரசாயனத்தால் முடித்தது. பின்னர் யூ மரத்தின் உயிரணுக்களை மட்டும் எடுத்துக் கொப்பரையில் சர்க்கரைத் தண்ணீரில் வளர்த்து, அவற்றிலிருந்தே மருந்தை எடுக்கக் கற்றுக்கொண்டது. மரமும் நிற்கிறது, மருந்தும் கிடைக்கிறது.

இனி, நுண்ணுயிர் எப்படிச் செடியின் வேலையைச் செய்யும் என்று தோழர்கள் கேட்கலாம். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் பாளைச் சாறு சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகி விடுகிறதல்லவா? அதைச் செய்வது ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்தான். சர்க்கரையைத் தின்று சாராயத்தைக் கழிப்பது அதன் தொழில். அது எதைத் தின்று எதை உண்டாக்க வேண்டும் என்கிற விவரம் அதன் உடம்புக்குள் ஜீன் என்கிற அமைப்பில் இருக்கிறது. செடிக்கும் அப்படியே. செடி ஒரு மருந்தை உண்டாக்குகிற விவரத்தை ஈஸ்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று அந்த மருந்தை உண்டாக்கும். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. கள்ளுக் கலயத்தின் வேலையைத்தான், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்கிறார்கள்.

டென்மார்க் தேசத்துத் தொழில்நுட்ப சர்வகலாசாலையில் மைக்கேல் ஜென்சன், ஜே கீஸ்லிங் முதலியவர்கள் சேர்ந்து இதை நித்தியகல்யாணிக்கே செய்து காட்டி 2022-இல் வெளியிட்டார்கள். ஈஸ்டுக்குள் 56 மாறுதல்கள் செய்து, செடிகளின் ஜீன்கள் 30-க்குமேல் புகுத்தி, சுமார் 30 படிகள் கொண்ட வேலையை அதைக்கொண்டு செய்வித்தார்கள். அது உண்டாக்கிய இரண்டு சரக்குகளை இரசாயனத்தால் ஒன்றாகச் சேர்த்தால் வின்பிளாஸ்டின் ஆகிறது. ஆனால் தோழர்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. அவர்கள் காட்டிய அளவு ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஆகவே அது வழியைக் காட்டியதே தவிர, ஆஸ்பத்திரிக்கு மருந்து கொடுத்ததல்ல. அப்படியானாலும் அந்த வழி எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒன்று சொல்லுவோம். 2019-இல், உலகத்திலேயே பணக்கார நாடான அமெரிக்காவில் வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு கம்பெனி செய்வதை நிறுத்தியது, மற்றக் கம்பெனிக்குத் தாமதம் ஏற்பட்டது. குழந்தைகளின் வைத்தியர்கள் கையைப் பிசைந்தார்கள். மருந்து இருந்தும், அதைச் செய்வது இரண்டொருவர் கையில் அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இப்போது “எல்லாம் எங்கள் ஏட்டில் இருக்கிறது” என்பவர்களுக்கு வருவோம். சீன தேசத்தில் மலேரியா ஜுரத்துக்கு மருந்து தேட 1967-இல் ஏற்பாடு செய்தார்கள். அதில் தூ யூயூ என்கிற ஓர் அம்மையார், டாக்டர் பட்டம் இல்லாதவர், வெளிநாடு போய்ப் படிக்காதவர், பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டினார். சுமார் 1,600 வருஷங்களுக்கு முன் கே ஹோங் என்பவர் எழுதியதில், ஒரு பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. அப்படியானால் சூடு அந்தக் குணத்தைக் கெடுக்கிறதோ என்று எண்ணி, ஈதர் என்னும் திரவத்தில் குறைந்த சூட்டில் வடித்தெடுத்தார். 1971-இல் அது எலியிடத்திலும் குரங்கினிடத்திலும் ஜெயித்தது. மறு வருஷம் நோயாளிக்குக் கொடுக்குமுன் தன் உடம்பிலேயே சோதித்துக்கொண்டார். அதுவே ஆர்ட்டெமிசினின். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதிலிருந்து ஏடு பொய் என்றும் நாம் சொல்லவில்லை, ஏடே போதும் என்றும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஏடு 1,600 வருஷம் இருந்தும் மலேரியா ஒழியவில்லை. அதைக் கையிலெடுத்து, எது உண்மை, எது கட்டுக்கதை என்று சோதித்த பிறகுதான் பலன் கிடைத்தது. நம் சித்த வைத்திய ஏடுகளிலும் நல்ல குறிப்புகள் இருக்கலாம். இருந்தால் சோதிக்கட்டும். பாட்டன் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது பாட்டனுக்கு அவமரியாதையாகாது. சோதிக்காமலே கும்பிட்டு, நோயாளியின் உயிரைப் பணயம் வைப்பதுதான் அக்கிரமம்.

அடுத்தபடியாக, “இது இயற்கைக்கு விரோதம்” என்கிற கூச்சல். நீரிழிவுக்கான இன்சுலின் பல வருஷகாலம் பன்றியினுடையவும் மாட்டினுடையவும் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் மடிசஞ்சிகளும் சைவத் திருமேனிகளும் உயிருக்குப் பயந்து அதையே குத்திக்கொண்டார்கள். 1982 முதல் மனித இன்சுலினையே நுண்ணுயிர் கொப்பரையில் செய்து கொடுக்கிறது. இப்போது அதையும் குத்திக்கொள்ளுகிறார்கள். எந்த ஆச்சாரியாராவது வேண்டாமென்று மறுத்தாரா? தன் உடம்புக்கு வந்தால் விஞ்ஞானம், ஊரார் அறிவுக்கு வந்தால் சாஸ்திர விரோதம் என்பது எந்த நியாயம்?

அன்றியும், பயப்படவேண்டிய விஷயமே இதில் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மாற்றப்பட்ட உயிர்கள் கொப்பரையை விட்டு வெளியேறாமல் காக்கவேண்டும். கொப்பரை மருந்தும் செடி மருந்தும் ஒன்றுதானா என்று சோதித்து யாவரும் அறியும்படி வெளியிடவேண்டும். ஈஸ்டுக்குத் தீனியான சர்க்கரையும் கரும்பிலிருந்தோ சோளத்திலிருந்தோதான் வரவேண்டும். அதற்கும் நிலமும் நீரும் வேண்டும். ஆகையால் கொப்பரை என்றாலே பூமிக்கு நன்மை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் ஒரு மூடநம்பிக்கையே. ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்கவேண்டும்.

கணக்கு என்றதும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். ஆர்ட்டெமிசினின் செடியை ஆயிரக்கணக்கான சிறு குடியானவர்கள் பயிரிடுகிறார்கள். ஒரு வருஷம் விலை ஏறும், எல்லாரும் விதைப்பார்கள், மறு வருஷம் விலை விழும், எல்லாரும் விட்டுவிடுவார்கள், மருந்துக்குத் தட்டுப்பாடு வரும். இதைத் தீர்க்கவென்று கீஸ்லிங் கூட்டத்தார், கேட்ஸ் தருமப் பணத்தைக் கொண்டு, ஈஸ்டில் அதன் மூலச் சரக்கை உண்டாக்கினார்கள். 2013-இல் இத்தாலி தேசத்துக் கரேசியோவில் சனோஃபி கம்பெனி பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தது. நடந்தது என்ன? செடிச் சரக்கு கிலோ 250 டாலருக்கும் கீழே விழுந்தது. கொப்பரைச் சரக்கின் விலை 350 டாலருக்குமேல் நின்றது. 2015-இல் அத்தொழிற்சாலை ஒரு கிலோகூடச் செய்யவில்லை. பின்பு அது கைமாறியது. குடியானவனுக்கும் இலாபமில்லை, கொப்பரைக்கும் வேலையில்லை. ஆனால் மலேரியாவோ 2023-இல் மட்டும் சுமார் 6 இலட்சம் பேரைக் கொன்றிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அறிவு இருந்தது, சரக்கு இருந்தது, தொழிற்சாலை இருந்தது. எல்லாம் யாருக்காக என்கிற யோசனை மட்டும் இல்லை. சந்தை என்கிற புதுக் கடவுள் படியளப்பார் என்று விட்டுவிட்டார்கள். பழைய கடவுளைப் போலவே அவரும் இருப்பவனுக்குத்தான் அளந்தார்.

இது ஆப்பிரிக்காவின் கதை மாத்திரமல்ல. நம் தென் மாவட்டங்களின் வானம்பார்த்த நிலங்களில் நித்தியகல்யாணி பயிராகி, இலையும் வேரும் கப்பலேறுகின்றன. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கங்களில் கண்வலிக்கிழங்கு என்கிற செங்காந்தளைப் பந்தல்போட்டு வளர்த்து, விடியற்காலையில் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தொட்டுவைத்து, விதை எடுக்கிறார்கள். அவ்விதையிலிருந்து எடுக்கிற கால்கிசின் வாத நோய்க்கு மருந்து. விதைக்கு என்ன விலை என்று வியாபாரி சொல்லித்தான் குடியானவனுக்குத் தெரியும். மருந்துக்கு என்ன விலை என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. இந்தக் கால்கிசினைச் செடி எந்தெந்தப் படியில் உண்டாக்குகிறது என்பதையும் 2020-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கண்டுபிடித்து, அதன் முன்சரக்கைப் புகையிலை இனத்துச் செடியில் உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். ஆகவே கொப்பரை இன்றில்லாவிட்டாலும் ஒரு நாள் வரத்தான் போகிறது. வந்தால் இந்தக் குடியானவர்கள் கதி என்ன?

அதற்காகக் கொப்பரையை உடைக்கச் சொல்லுவது புத்தியாகாது. செடி வளர்ப்பவன் வயிற்றுக்காக நோயாளி காத்திருக்க முடியாது. நோயாளிக்காகச் செடி வளர்ப்பவன் பட்டினி கிடக்கவும் நியாயமில்லை. இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு நடுவில் இலாபம் எடுக்கிறவன் யார் என்றே பார்க்கவேண்டும். புரோகிதன் என்ன செய்தான்? எல்லோருக்கும் பொதுவான அறிவைப் பூட்டிவைத்து, தன் வழியாகத்தான் வரவேண்டும் என்றான். படித்தால் நாக்கை அறு என்று எழுதிவைத்தான். இன்று பேட்டெண்டு என்னும் ஏகபோக உரிமையை வைத்துக்கொண்டு உயிர் மருந்துக்கு இஷ்டப்படி விலை வைக்கிறவனும் அதே தொழிலைத்தான் செய்கிறான். பூணூலுக்குப் பதில் பத்திரம், அவ்வளவே வித்தியாசம்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. 1860-களில் ஆண்டிஸ் மலையிலிருந்து கொண்டுவந்த சிங்கோனா மரத்தை நீலகிரியில் நட்டு, நடுவட்டத்தில் சர்க்கார் தொழிற்சாலை வைத்துக் கொய்னா செய்தார்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் கடைசியிலேயே வங்காளத்தில் தபாலாபீசில் சிறு பொட்டலமாகக் கொய்னா விற்றார்கள். சுதந்திரம் வந்தபின் 1950-களில் பிம்பிரியில் சர்க்கார் தொழிற்சாலையிலேயே கொப்பரை வைத்துப் பென்சிலின் செய்தார்கள். 2012-இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு நம் நாட்டில் கட்டாய உரிமம் கொடுத்தபோது, மாதம் 2 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாயாக இருந்த விலை 9 ஆயிரத்துக்குள் இறங்கியது. சட்டத்தில் இடம் இருக்கிறது. எடுத்துக் கையாள மனம்தான் வேண்டும்.

2024-இல் இந்திய சர்க்கார் பயோ-இ3 என்னும் பெயரில், உயிர்களைக் கொண்டு பொருள் செய்யும் தொழிலை வளர்க்க ஒரு திட்டத்தை ஒப்புக்கொண்டிருக்கிறது. நல்லது. அந்தப் பணம் வரி கொடுக்கிற எல்லோருடைய பணம். ஆகையால் நாம் கேட்பதாவது: பொதுப்பணத்தில் கண்டுபிடித்தது பொதுச் சொத்தாக இருக்கவேண்டும். வின்கிரிஸ்டின் போன்ற உயிர் மருந்துகளைச் செய்யச் சர்க்காரே கொப்பரை வைக்கவேண்டும். மருந்துச் செடி பயிரிடுவோருக்கு விலையை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கவேண்டும். கொப்பரை வருவதானால் மாற்றுப் பயிருக்கும் தொழிலுக்கும் முன்னதாகவே வழி செய்யவேண்டும். இந்த வித்தையைத் தமிழிலேயே, கிராமப் பள்ளிக்கூடத்திலேயே, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக் காட்டிக் கற்பிக்கவேண்டும்.

கடைசியாகச் சொன்னதே முதன்மையானது. கலயத்தில் கள் நுரைப்பதை எத்தனையோ தலைமுறையாகப் பார்த்தவர்கள் நாம். அந்தத் தொழிலைச் செய்தவனைத் தீண்டத்தகாதவன், கோயிலுக்குள் வராதே என்று தள்ளிவைத்தோம். கையால் வேலை செய்தவனுக்கு ஏடு இல்லை. ஏடு வைத்திருந்தவனுக்குக் கைவேலை இழிவு. கலயத்துக்குள் என்ன நடக்கிறது என்று நம்மில் ஒருவரும் எட்டிப்பாராமல் போனதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? இனியாவது எட்டிப்பார்க்கிற கண்களை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போமா, அல்லது அந்தப் பூவைச் சாமிக்குப் போட்டுவிட்டு, மருந்துக்கு அந்நியன் வாசலில் நிற்கப் போகிறோமா என்பதைத் தோழர்களே யோசித்து முடிவு செய்வார்களாக.